நோட் ஜேஎஸ்ஸில் ஒரு ஃபைலில் உள்ள வேரியபிளை மற்ற ஃபைல்களில் எப்படிப் பயன்படுத்துவது? குளோபலில் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். பிரவுசரில் பழகிவிட்டு நோடுக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு ஸ்கிரிப்டில் மேலே வார் போட்டு எழுதினால் மற்ற ஸ்கிரிப்டுகளுக்கும் தெரியும். நோடில் ஒவ்வொரு காமன்ஜேஎஸ் (ரிக்வயர் போட்டு ஃபைல்களை இணைக்கும் நோடின் பழைய முறை) ஃபைலும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துத்தான் ஓட்டப்படுகிறது, அதனால் வேரியபிள் அந்த ஃபைலைத் தாண்டாது. வெளியே தர வேண்டியதை மாட்யூல் எக்ஸ்போர்ட்ஸில் வையுங்கள். முதல் ரிக்வயரில் ஃபைல் ஓடும். அடுத்தடுத்த ரிக்வயருக்கு, முதல் முறை சேமித்து வைத்த கேஷிலிருந்து அதே ஆப்ஜெக்ட் வரும். கான்ஃபிக், டேட்டாபேஸ் பூல் (திறந்தே வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) எல்லாம் இப்படிப் பகிரலாம்.

குளோபல் என்றாலே எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், லாகின் செய்தவரின் விவரத்தை மிடில்வேரில் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் முதலில் கடந்து போகும் கோடில்) குளோபலில் எழுதி வைத்திருந்தார்கள். டெஸ்டிங்கில் ஒரே ஆள்தானே, ஒழுங்காக ஓடியது. லைவுக்குப் போன பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு இன்னொருவரின் ஆர்டரும் முகவரியும் தெரிந்தன. நோடில் நம் கோட் ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறது, ஆனால் டேட்டாபேஸ் பதில் போன்றவற்றுக்காக அவெய்ட்டில் நிற்கும் நேரத்தில் அடுத்த ரிக்வெஸ்ட் உள்ளே வந்து அந்த மதிப்பை மாற்றிவிடும். க்வெரிக்கு முன்னால் வேண்டுமென்றே தாமதம் வைத்து, இரண்டு பிரவுசர்களில் வெவ்வேறு ஆளாக லாகின் செய்து காட்டிய பிறகுதான் டீமில் நம்பினார்கள்.

அதை மாட்யூலின் மேலே லெட் என்று மாற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது, மாட்யூலும் எல்லா ரிக்வெஸ்டுக்கும் பொதுதான். ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டில் வைத்து, தேவையான ஃபங்ஷன்களுக்கு ஆர்க்யுமென்டாக அனுப்பினோம். லாகிங் போல ஆழத்தில் இருக்கும் இடங்களுக்கு ஏசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ் (ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தனித்தனியாக மதிப்பை வைத்திருக்கும் நோடின் வசதி) வைத்தோம், நோட் 16.4 முதல் அது ஸ்டேபிள்.

இவ்வளவு செய்தும் அந்த ஆண்டு அப்ரைசலில் மூடிய டிக்கெட்டுகளைத்தான் எண்ணினார்கள். இது ஒரே ஒரு டிக்கெட். வாடிக்கையாளரின் முகவரி கசியாமல் தடுத்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

சின்ன ஸ்கிரிப்டுக்கு குளோபல் போதுமே என்று கமென்டில் வருவார்கள். ஒருமுறை ஓடி முடியும் ஸ்கிரிப்ட் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, நான் சொல்வது சர்வருக்கு.

அப்புறம், எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ நேரடியாக எக்ஸ்போர்ட் செய்தால் அந்த நேரத்து மதிப்புதான் போகும். பின்னால் மாறக்கூடியது என்றால் அதைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். க்ளஸ்டரில், அதாவது ஒரே சர்வரைப் பல ப்ராசஸாக, ஓட்டினால் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் மெமரி தனி; அங்கே பகிர ரெடிஸ் (மெமரியில் டேட்டாவை வைத்திருக்கும் தனி சர்வர்) மாதிரி வெளியில் ஒன்று வேண்டும்.