நொய்யலும் சாயத் தண்ணீரும்: வாசகர் கேள்விகள்

சுத்திகரித்ததும் சாயத் தண்ணீரின் நிறம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நொய்யல் ஆற்றில் விட்டால் என்ன? (திருப்பூர்)

நிறம் போகும், உப்பு போகாது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு போட்டே ஆக வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம்கூட ஆகும். அது துணியில் தங்குவதில்லை, அலசும்போது அப்படியே கழிவோடு வந்துவிடும். சுத்திகரிப்புத் தொட்டியில் இருக்கும் பாக்டீரியா அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது. அதனால் கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர்கூட கிணற்றையும் வயலையும் கெடுக்கும். நிறத்தை மட்டும் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

அப்படியானால் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் உப்பை என்ன செய்கின்றன? (அவிநாசி)

திருப்பூரில் இப்படி 18 நிலையங்கள் உண்டு. சாயப்பட்டறைகளிலிருந்து குழாயில் வரும் கழிவுநீரை முதலில் பாக்டீரியா தொட்டியில் விட்டு, அப்புறம் ஆர்.ஓ.வில் (அழுத்தம் கொடுத்து, உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே செலுத்தும் முறை) வடிகட்டுகிறார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராகிப் பட்டறைக்கே திரும்பும். மிஞ்சும் கடும் உப்புநீரை ஆவியாக்கி, ஆவியைக் குளிரவைத்து அதையும் தண்ணீராக எடுத்துக்கொள்கிறார்கள். தெளிந்த உப்புக் கரைசலும் பிரித்தெடுத்த சோடியம் சல்பேட்டும் (சாயம் பிடிக்கப் போடும் ஒரு வகை உப்பு) மறுபடி சாயத் தொட்டிக்குப் போகும். ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

செலவு அதிகம்தான். கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ ஓயாமல் வேண்டும். ஆனால் இந்தச் செலவைப் பட்டறை ஏற்காவிட்டால் விவசாயி தலையில் விழும். பல வருடம் விழுந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

எனக்குள்ள பெரிய கவலை, ஆவியாக்கிய பிறகு கடைசியில் மிஞ்சும், எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு. அதை மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்கள். கூரை ஒழுகினால் அத்தனை பாடும் வீண்.

ஒரத்துப்பாளையம் அணையில் ஏன் தண்ணீர் தேக்குவதில்லை? (சென்னிமலை)

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-ல் கட்டிய அணை அது. வந்து தேங்கியதோ சாயக்கழிவு. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. அதனால்தான் தேக்குவதில்லை. திறந்துவிட்டால் கீழே கரூர் வரை நிலம் பாழாகும் என்று விவசாயிகளே எதிர்த்தார்கள். தண்ணீர் வேண்டிக் காத்திருந்தவர்களே அணையைத் திறக்காதே என்று சொல்ல நேர்ந்ததை இன்றும் என்னால் ஆறிப்போக விட முடியவில்லை.

மழை பெய்தால் நொய்யலில் நுரை பொங்குகிறதே? (மங்கலம்)

வீட்டுச் சாக்கடையில் வரும் சோப்புத்தூள் ஒரு முக்கியக் காரணம். மழையை மறைவாக வைத்துக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகளும் உண்டு. நுரையைப் பார்த்தால் இடத்தையும் நேரத்தையும் குறித்து, படத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுங்கள். தாமதித்தால் தடயம் ஓடிப்போகும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. காய்ச்சிக் குடிக்கலாமா? தென்னைக்கு விடலாமா? (காங்கேயம்)

முதலில் பரிசோதனை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு குறையாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், அவரையும் பீன்ஸும் தாங்காது. தண்ணீரோடு மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும் முன், மண்ணைச் சீர்படுத்தப் போடும் ஜிப்சத்தை வாங்கிக் கொட்டாதீர்கள்.