நாய்க்கு நீவி விடலாமா? வடசென்னைக் கேள்விகள்

கொருக்குப்பேட்டை: அக்கா, எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது. காலையில் எழுந்தால் பின்னங்கால் தடுமாறுகிறது. மசாஜ் செய்தால் சரியாகிவிடுமா?

சரியாகாது, வலி கொஞ்சம் குறையும். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். தேய்ந்த மூட்டைக் கையால் மாற்ற முடியாது. ஆனால் பின்னங்காலில் பளு போடாமல் நடந்து நடந்து தோளும் முன்னங்காலும் இறுகிப் போயிருக்கும். அதைத்தான் இளக்கப் போகிறோம். முதலில் உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால்வரை, முடி படிந்திருக்கும் போக்கிலேயே, மெதுவாக நீவுங்கள். அப்புறம் தோள், தொடைச் சதையை இலேசாகப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு பிசைகிற வேகமெல்லாம் வேண்டாம். முதுகெலும்பின்மேல் அழுத்தவே கூடாது, இரு பக்கச் சதையில் மட்டும். 10 நிமிடம் போதும். சாப்பிட்ட கையோடு செய்யாதீர்கள். வீட்டில் வழவழ டைல்ஸ்தானே? அது நடக்கும் வழியில் சணல் சாக்கு விரியுங்கள். என்னைக் கேட்டால் மசாஜைவிட முதலில் அதுதான்.

ராயபுரம்: சனிக்கிழமை எங்களுக்கு நல்லெண்ணெய். நாய்க்கும் தேய்க்கலாமா? வலித் தைலம்?

எண்ணெய் தேவையே இல்லை. நக்கி நக்கி வயிற்றால் போகும், தெரு மண்ணும் ஒட்டும். தைலம் கூடவே கூடாது. அதிலுள்ள கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் நக்கினால் நஞ்சு. நாம் போடும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளையும் கொடுத்துவிடாதீர்கள்.

பெரம்பூர்: டாஷண்ட் திடீரென்று படி ஏற மறுக்கிறது, தொட்டால் கத்துகிறது. சுளுக்கு எடுக்கும் ஆயாவிடம் காட்டலாமா?

வேண்டாம். ஆயா மனிதருக்குக் கைராசிக்காரராகவே இருக்கட்டும். நீள முதுகு, குட்டைக் கால் நாய்க்கு முதுகுத்தண்டு வட்டு பிதுங்குவது அதிகம். அங்கே அழுத்தினால் பின்பாதியே செயலிழந்து போகலாம். மார்பையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கித் தூக்கி, இன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள்.

வியாசர்பாடி: உடம்பு சுடுகிறது, மூட்டும் வீங்கியிருக்கிறது.

நாய் உடம்பு எப்போதுமே நமக்குச் சூடாகத்தான் தெரியும், 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. அதற்கு மேல் போனால் மசாஜை மறந்துவிட்டு, உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

காசிமேடு: துறைமுகத்துத் தெருநாய் ஒன்று நொண்டுகிறது. நீவி விடட்டுமா அக்கா?

முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும் தம்பி. உங்கள் பக்கத்தில் தூண்டில் முள் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. நீங்களே பிடுங்காதீர்கள். வலியில் இருக்கும் நாய் சோறு போட்டவரையும் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்கு ஓடுங்கள்.

திருவொற்றியூர்: நீவுவது நாய்க்குப் பிடிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பிடித்தால் கண் சொருகும், பெருமூச்சு விட்டுச் சரியும். உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, திரும்பி உங்கள் கையைப் பார்த்தாலோ நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டு நாட்டு நாய் சரியாக ஐந்தாவது நிமிடம் எழுந்து கட்டிலுக்கடியில் போய்விடும். நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.