யார்டு நிறைய தகடு, ஆனாலும் வேலை நிற்கிறது: என்ன செய்வது?

கேள்வி: சிறிய சரக்குக் கப்பல்கள் கட்டும் தளத்தில் பொருள் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். எஃகுத் தகடு குவிந்து கிடக்கிறது. ஆனாலும் ஏதாவது ஒரு பிளாக் (தனியாகக் கட்டி, பிறகு கப்பலோடு சேர்க்கும் பகுதி) பொருள் இல்லாமல் நிற்கிறது. வெட்டிய மிச்சமும் சேர்ந்துகொண்டே போகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் தொல்லைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. வாங்குவது முழுக் கப்பல் கணக்கில், வெட்டுவதும் பொருத்துவதும் பிளாக் கணக்கில். கொள்முதல் பட்டியலை பிளாக்வாரியாகப் பிரித்து, எது எந்த வாரம் வெட்டுக்குப் போகிறது என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுக்குவதும் அந்த வரிசையில்தான். 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 10 மி.மீ. தடிப்பு உள்ள ஒரே தகடு 2.3 டன்னுக்கு மேல் எடை. வந்தபடி அடுக்கினால், அடியில் மாட்டிய ஒன்றுக்காக கிரேன் நாள் பூராவும் தகடு மாற்றிக்கொண்டிருக்கும்.

நெஸ்டிங்கில், அதாவது ஒரு தகட்டில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று அடுக்கித் திட்டமிடும்போது, பெரிய துண்டுகளுக்கு நடுவே பிராக்கெட் (தாங்கு துண்டு) போன்ற சிறியவற்றை நிரப்புவது நல்லதுதான். ஆனால் மிச்சத்தைக் குறைக்கிறேன் என்று மூன்று மாதம் கழித்து வேண்டிய துண்டை இன்றே வெட்டாதீர்கள். அது தொலையும், மறுபடி வெட்டுவீர்கள். அடுத்தடுத்த பிளாக்குகளை மட்டும் சேருங்கள்.

மிச்சத் துண்டுகள் விஷயத்தில்தான் பல தளங்கள் பணத்தை விடுகின்றன. சாதாரண ஏ கிரேடு எஃகும் அதிக வலிமையுள்ள ஏஎச்36-உம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஹீட் எண்ணை (எஃகை உருக்கிய தொகுதிக்கு ஆலை கொடுக்கும் எண்) வைத்துத்தான் தகட்டை ஆலைச் சான்றிதழோடு பொருத்திப் பார்க்க முடியும். அந்த எண் இல்லாவிட்டால் கிளாஸ் சர்வேயர் (கப்பலின் தரத்தைச் சரிபார்க்கும் வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வாளர்) ஏற்கமாட்டார். எனவே வெட்டுவதற்கு முன்பே எண்ணையும் கிரேடையும் மிச்சப் பகுதியில் எழுதிவிட வேண்டும். வெட்டிய பிறகு எழுதலாம் என்றால் யாரும் எழுதமாட்டார்கள். அளவோடு கணினியிலும் ஏற்றுங்கள். அடுத்த நெஸ்டிங் முதலில் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

குழாய், வால்வு, கேஸ்கெட், போல்ட் ஆகியவற்றுக்கு ஜப்பானியத் தளங்களின் பேலட் (பொருள்களை அடுக்கித் தூக்கும் தட்டு) முறையைப் பின்பற்றுங்கள். ஒரு பிளாக்கின் ஒரு கட்ட வேலைக்கு வேண்டியதெல்லாம் ஒரே பேலட்டில் இருக்க வேண்டும். ஒரு கேஸ்கெட் குறைந்தாலும் அந்தப் பேலட்டை அனுப்பாமல், குறைவதை முதலில் வரவழையுங்கள். ஆரம்பத்தில் ஃபோர்மேன்கள் சண்டைக்கு வருவார்கள். விடாதீர்கள்.

இப்போதுள்ள குவியலில் ஹீட் எண் தெரியாத துண்டுகளைத் தனியே பிரித்து, நிறம் அடித்து, தரையில் நிற்கும் ஜிக் (வேலையின்போது பாகங்களைப் பிடித்து நிறுத்தும் சட்டம்), ஸ்டாண்டு வேலைக்கு மட்டும் கொடுங்கள். கப்பலுக்குள் ஒன்றுகூடப் போகக் கூடாது.