மழைக்கு முன்பே ஏரி ஏறுமா?

கேள்வி: ஐயா, எங்கள் பள்ளி சுற்றுச்சூழல் மன்றத்துக்காக ஏற்காட்டில் ஒரு மழைமானியும் எங்கள் ஊர் மூக்கனேரியில் நீர்மட்டம் பதியும் கருவியும் வைத்திருக்கிறோம். இரண்டும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிகின்றன. மலையில் பெய்த மழை ஏரிக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க, பைத்தான் நிரல்மொழியில் கிராஸ் கோரிலேஷன் (இரண்டு பதிவுகள் எவ்வளவு நேரம் தள்ளி ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் கணக்கு) போட்டோம். மைனஸ் 4 மணி நேரம் என்கிறது. மழைக்கு முன்பே ஏரி ஏறுமா? பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
- ஓர் ஆசிரியை, கன்னங்குறிச்சி

பதில்: சிரிக்கட்டும் டீச்சர், நல்ல சிக்கல்தான் இது. முதலில் பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள். இந்தக் கணக்கு ஒரு வரிசையை இன்னொன்றின் மேல் 15 நிமிடம், 15 நிமிடமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் நேருக்கு நேர் இருப்பதைப் பெருக்கிக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை உச்சம் தொடும் நகர்வுதான் தாமதம். பைத்தானின் ஸைபை தொகுப்பிலுள்ள கோரிலேட் கட்டளையிலும் மேட்லாப் மென்பொருளின் எக்ஸ்கார் கட்டளையிலும் முதலில் கொடுத்த வரிசை பிந்தி வந்தால் பிளஸ், இரண்டாவது பிந்தினால் மைனஸ். மழையை முதலில் கொடுத்திருந்தால், மைனஸ் 4 என்பது ஏரி 4 மணி நேரம் பிந்துகிறது என்றே அர்த்தம்.

கருவிப் பிரிவில் வேலை பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: எந்த மென்பொருளுக்கும் முதலில் விடை தெரிந்த கணக்கைத்தான் கொடுப்பேன். எல்லாம் 0, நடுவில் மட்டும் 1 என்று ஒரு வரிசை. அதே 1 எட்டு இடம் தள்ளி இருக்கும்படி இன்னொரு வரிசை. 2 மணி நேரம் எந்தக் குறியோடு வருகிறது என்று தெரிந்துவிடும்.

ஏரியை முதலில் கொடுத்தும் மைனஸ் வந்தால், என் சந்தேகம் கடிகாரத்தின் மேல். சில பதிவுக் கருவிகள் கிரீன்விச் நேரத்தில் எழுதும். ஏரிக் கருவி அந்த ரகம் என்றால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். அப்போது உண்மைத் தாமதம் ஒன்றரை மணி நேரம். கருவி காற்று வெப்பநிலையும் பதிந்தால், நல்ல வெயில் நாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். உச்சம் பிற்பகல் 2, 3 மணி வாக்கில் வர வேண்டும். காலை 9 மணிக்கே உச்சம் என்று காட்டினால் ஆள் அகப்பட்டான்.

இதையெல்லாம் விட முக்கியமானது, நீர்மட்டத்தை அப்படியே கொடுத்தீர்களா என்பது. மழை சட்டென்று எழுந்து அடங்கும். ஏரி மட்டமோ ஏறியபின் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். இரண்டையும் பெருக்கினால் உச்சம் மழுங்கும், தாமதம் இருப்பதைவிட நீளும். ஒவ்வொரு 15 நிமிடத்திலும் மட்டம் எவ்வளவு மாறியது என்ற வித்தியாச வரிசையைச் செய்து, அதை மழையோடு ஒப்பிடுங்கள். இரண்டு வரிசையிலும் சராசரியைக் கழித்துவிடுங்கள். ஸைபை அதைத் தானாகச் செய்யாது. கழிக்காவிட்டால் உச்சம் பூஜ்ஜியத்தின் பக்கம் இழுபடும்.

அப்புறம், கோடை மழை பெரும்பாலும் சாயங்காலத்தில் வருவதால் 24 மணி நேரம் தள்ளி இன்னொரு மேடு தெரியலாம். அதைக் கண்டு மயங்க வேண்டாம். கன்னங்குறிச்சியிலேயே பெய்த நாள்களை ஒதுக்கி, மலையில் மட்டும் பெய்த நாள்களை வைத்துத் தனியாகப் போடுங்கள். உங்கள் ஊர் மழைக்கு மலையிறங்கி வரும் வேலை இல்லையே!

கேள்வி: இதே கணக்கை எக்செல்லில் போட முடியுமா?
- கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: தாராளமாக, தம்பி. பிந்தி வரும் பத்தியை ஒவ்வொரு வரியாக மேலே ஏற்றி, ஒவ்வொரு முறையும் கோரல் (CORREL) ஃபார்முலா, அதாவது இரண்டு பத்திகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளப்பது, போட்டு எது பெரிது என்று பாருங்கள். 15 நிமிடப் பதிவில் 8 மணி நேரம் வரை தேட 32 முறை நகர்த்த வேண்டும். சராசரியைக் கழிக்கும் வேலையைக் கோரலே பார்த்துக்கொள்ளும். கருவி நின்றுபோன நேரத்தை மட்டும் 0 என்று நிரப்பாதீர்கள். கணக்கு அதை மழையில்லாத நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.