கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்

கேள்வி: சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தில்) வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

பதில்: ஆம். பக்கத்தில் இருந்தால் டீசல் டாங்கையும்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் சொந்தமாக மீன் வண்டி ஓட்டுகிறேன். சேஸிஸின் இடது சட்டம் துருவில் ஓட்டையானது. தகடு வைத்து வெல்டிங் செய்ய 22,000 ரூபாய் வாங்கினார்கள். இப்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் தேய்கிறது. "வீல் அலைன்மென்ட் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: உங்கள்மேல் தவறில்லை. ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் எந்தச் சட்டத்தையும் தின்றுவிடும். ஆனால் அளக்காமல் வெட்டும் பட்டறைகளை என்னால் மன்னிக்க முடியாது. பற்றவைத்த இரும்பு ஆறும்போது சுருங்கி, சட்டத்தையும் தன்னோடு இழுக்கும். அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே பாரத்தை இறக்கி, குறுக்கே ஆங்கிள் (L வடிவ இரும்பு) வைத்துப் பிடிப்பிக்க வேண்டும். பிறகு மாறிமாறிச் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். தகட்டின் முனையும் செங்குத்தாக நிற்காமல் சாய்வாக முடிய வேண்டும். செங்குத்தான வெல்டிங் தையலில்தான் விரிசல் விழும்.

நீங்களே சோதிக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் ஸ்பிரிங் போல்ட்டுகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் நான்கு புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் போகட்டும். விரற்கடை அளவு வித்தியாசம் என்றால் சட்டமே கோணிவிட்டது. அலைன்மென்ட் அதை நிமிர்த்தாது. இன்னொரு மெக்கானிக்கிடம் அளவுகளை எழுதி வாங்கி, படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்பதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: பழைய ஜீப்புக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அடியில் இன்னும் பார்க்கவில்லை. புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதாம். போதுமா?

பதில்: பணத்தைக் கொடுத்த பிறகா கேட்பது? ஐந்து நிமிடம் குனிந்திருக்கலாமே! அந்தப் புதுப் பெயிண்டை நம்பித்தான் நானும் ஒரு ஜீப் வாங்கினேன். ஆறாவது மாதம் ஸ்பிரிங் தாங்கி பிய்ந்து கையோடு வந்தது; உள்ளே ஓட்டையை அடைத்திருந்த பட்டிப் பசையும் சாக்குத்துணியும். மீதிப் பணம் கொடுப்பதற்குள் ஒரு சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுங்கள். சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். பொத்தென்று கேட்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சேஸிஸ் எண் உள்ள இடத்தையே துரு தின்றுவிட்டது. புதுத் தகட்டில் அதே எண்ணைக் குத்தித் தருகிறாராம் பட்டறைக்காரர்.

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள்.