காஸ்மீட்டர் சான்றிதழில் 3 காஸ் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி: கோவையில் சின்னதாக கிரைண்டிங் பட்டறை நடத்துகிறேன். ஷாஃப்ட்டுகளைக் காந்தமாக்கி விரிசல் பார்க்கும் எம்.பி.ஐ. சோதனை முடிந்ததும் காந்தத்தை இறக்கிவிட்டு, மிச்சக் காந்தம் 3 காஸுக்குள் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு) இருக்கிறதா என்று காஸ்மீட்டரில் பார்த்து அனுப்புகிறோம். வேலை கொடுக்கும் கம்பெனியின் ஆடிட்டர் மீட்டர் சரியாக அளக்கிறதா என்று லேப் சோதித்துத் தரும் காலிபரேஷன் சான்றிதழ் கேட்கிறார். "மீட்டரை அனுப்பவே வேண்டாம், சீரியல் நம்பரை வாட்ஸ்அப்பில் போடுங்கள், நாளைக்கே சர்டிபிகேட்" என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா? இன்னொன்று, மீட்டரைச் சும்மா மேசையில் வைத்தாலே 0.4 காஸ் காட்டுகிறது. பழுதா?

பதில்: வாங்காதீர்கள். மீட்டரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கொடுக்கிற காகிதம் போலி ஆவணம்தான். ஆடிட் அன்றைக்கு அது தப்பிவிடும், அதுதான் வேதனை. முக்கால்வாசி ஆடிட்டர்கள் முதல் பக்கத்தில் தேதியையும் முத்திரையையும் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். அளவுகள் இருப்பது இரண்டாம் பக்கத்தில். அதை யாரும் திருப்புவதில்லை என்பதை வைத்தே இந்த ஏஜென்ட்டுகளின் பிழைப்பு ஓடுகிறது. நாளைக்கு ஷாஃப்ட் திரும்பி வந்தால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார், ரிப்போர்ட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து.

0.4 காஸ் பெரும்பாலும் பழுதில்லை, அது பூமியின் காந்தப்புலம். நம் பக்கம் அதன் அளவு ஏறத்தாழ அவ்வளவுதான். காந்த நடுக்கோடு தென்கோடிக்குப் பக்கத்திலேயே போவதால், புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, தெற்கு வடக்காக ஓடுகிறது. இதை வைத்தே காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இரும்பு மேசை, லேத், செல்போன் எல்லாவற்றையும் விட்டு வெளியே வாருங்கள். ப்ரோப்பின் (மீட்டரின் உணரும் குச்சி) தட்டையான முகத்தை வடக்கே காட்டுங்கள், அப்புறம் தெற்கே, அப்புறம் கிழக்கே. ஒரு பக்கம் 0.4, எதிர்ப்பக்கம் மைனஸ் 0.4, கிழக்கே கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று வந்தால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே 0.4 நின்றால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது. அதற்குத்தான் ஜீரோ காஸ் சேம்பர் என்ற சின்ன உலோகக் குழாய். அதற்குள் ப்ரோப்பை நுழைத்து ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும். பல மீட்டர்களோடு அது சேர்ந்தே வரும், அட்டைப்பெட்டியோடு தூக்கிப் போட்டிருப்பார்கள். தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் தனியாக வாங்குங்கள். தினமும் காலையில் ஜீரோ செய்யாத மீட்டருக்கு எவ்வளவு பெரிய சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

லேத்திலிருந்து தள்ளி நிற்கச் சொல்வது வெட்டிப் பேச்சில்லை. மும்பையில் மின்சார டிராம் ஓடப்போகிறது என்றதும், கொலாபாவில் நடந்துகொண்டிருந்த புவிகாந்த அளவீட்டையே 1904-இல் அலிபாக்குக்குக் கொண்டுபோனார்கள்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். நேர்மையான லேபிலேயே ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பெரிய புலத்தில் சோதிப்பது அவர்களுக்குச் சுலபம். 500 காஸ், 1000 காஸ் என்று மூன்று புள்ளி எடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது 3 காஸ். 1000 காஸில் ஒரு சதவீதம் பிழை என்றால் அதுவே 10 காஸ். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 3 காஸைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. சின்னப் புலத்துக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வளையங்களை ஆர அளவு இடைவெளியில் நிறுத்தி மின்சாரம் விட்டால், நடுவில் சீரான புலம் கிடைக்கும். மின்னோட்டம் தெரிந்தால் புலமும் தெரியும்.

ஆகவே அனுப்புமுன் லேபுக்குப் போன் போட்டு, "3, 5, 10 காஸில், இரண்டு துருவத்திலும் செய்வீர்களா? உறுதியின்மை எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். உறுதியின்மை என்றால் அளவு எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பது. அது ஒரு காஸ் என்றார்களானால் வேறு லேப் பாருங்கள். என்.ஏ.பி.எல். (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கீகாரம் ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு வரம்புக்கும் தனித்தனி. பிரஷர் கேஜுக்கு அங்கீகாரம் வாங்கிய லேபுக்குக் காந்தப்புலத்துக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியல் என்.ஏ.பி.எல். இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

பாக்கெட்டில் வைக்கிற முள் மீட்டரும் உங்களிடம் இருக்கும், பேட்டரி இல்லாத வட்ட டப்பா. அதையும் முறையாக காலிபரேட் செய்தாலும், ஒரே ஷாஃப்ட் முனையில் அது 2 காட்டும், காஸ்மீட்டர் 6 காட்டும். உடனே "எது தப்பு?" என்று சண்டை வரும். இரண்டுமே சரியாக இருக்கலாம். காஸ்மீட்டரில் புலத்தை உணரும் ஹால் சில்லு ப்ரோப் நுனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முள் மீட்டரில் உணரும் பாகம் டப்பாவுக்கு உள்ளே, விளிம்பிலிருந்து தள்ளி. கூர்மையான முனையில் புலம் சில மில்லிமீட்டருக்குள்ளேயே சரிந்துவிடும். ஆகவே இரண்டும் ஒரே இடத்தை அளக்கவே இல்லை. எந்தக் கருவியால், எந்த இடத்தில் அளப்பது என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் டீமேக்னடைசர் (காந்தம் இறக்கும் மெஷின்) பக்கத்தில் முள் மீட்டரைக் கொண்டுபோகாதீர்கள், முள் நிரந்தரமாக நகர்ந்துவிடும்.

"ஒரு வருஷம் செல்லுபடி" என்று லேபே அச்சடிக்க வேண்டும் என ஆடிட்டர் பிடிவாதம் பிடிப்பார். லேபுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரமோ, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் ஒழிய அடுத்த தேதியைப் போடக்கூடாது என்கிறது. தேதியைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள். இதைச் சொன்னால் ஏற்பாரா என்பது வேறு விஷயம். லேபிடம் ஒரு வருஷம் என்று போடச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுங்கள், வாதாடிப் பொழுது போகவேண்டாம்.

மீட்டரோடு ப்ரோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டின் சீரியல் நம்பரும் சான்றிதழில் இருக்க வேண்டும். இடையில் ப்ரோப் உடைந்து புதிது போட்டால், "அதே மாடல்தான் சார்" என்று கடைக்காரர் சொன்னாலும் பழைய சான்றிதழ் செல்லாது, மறுபடி அனுப்பத்தான் வேண்டும்.