ஸ்காட்லாந்து ஃபிடில் (வயலின்) நடன மெட்டுகள் எல்லாமே பெயர் தெரியாதவர்கள் உருவாக்கியவையா?

'ஃபேரி டான்ஸ்' மாதிரி ஒரு ரீலை (வேகமான நடன மெட்டை) யூடியூபில் கேட்டுவிட்டு, கீழே 'பாரம்பரிய இசை' என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மெட்டுக்கு ஆளும் உண்டு, ஆண்டும் உண்டு. 1802இல் ஃபைஃப் பகுதி வேட்டைக் குழுவினரின் நடன விருந்துக்காக நத்தானியல் கவ் அமைத்தது. முழுப்பெயர் 'லார்கோஸ் ஃபேரி டான்ஸ்'.

அவருடைய அப்பா நீல் கவ், டன்கெல்ட் அருகே இன்வர் ஊர்க்காரர், அத்தோல் பிரபுவின் ஆதரவில் வாசித்தவர். ஓவியர் ரேபர்ன் வரைந்த அவருடைய படம் எடின்பரோவில் இருக்கிறது. மகன் அதே எடின்பரோவில் இசைக்குழு நடத்தினார், இசைப் புத்தகங்கள் அச்சிட்டு விற்றார். மெட்டு அமைப்பது அவருக்குப் பிழைப்பு.

என் மகள் கிளாஸ்கோவில் ஃபிடில் கற்கிறாள். அவள் வகுப்பு ஆண்டுவிழாவில் இதைத்தான் வாசித்தாள். நிகழ்ச்சி நிரலில் மொசார்ட்டுக்குப் பெயர் இருந்தது, கவ்வுக்கு இல்லை. ஏற்பாட்டாளரிடம் போய்ச் சொன்னேன். "இது எல்லோரும் வாசிப்பதுதானே" என்று நகர்ந்துவிட்டார். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.    

'நாட்டுப்புற இசை எல்லோருக்கும் சொந்தம், பெயர் எதற்கு' என்று யாராவது சண்டைக்கு வரலாம். தாராளமாக வாசியுங்கள், மாற்றியும் வாசியுங்கள். தெரிந்த பெயரை மறைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். யார் அமைத்தது என்றே தெரியாத பழைய ரீல்களும் நிறைய உண்டு, அதை மறுக்கவில்லை. கவ் குடும்பத்தைப் புனிதர்களாக்கவும் நான் வரவில்லை. வில்லியம் மார்ஷல் என்ற இன்னொரு இசையமைப்பாளரின் மெட்டுகளைத் தலைப்பு மாற்றி, அவர் பெயர் இல்லாமல் தங்கள் தொகுப்புகளில் போட்டவர்கள்தான் அவர்களும்.

மற்ற மெட்டுகளைத் தேடுவதானால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் க்ளென், இங்லிஸ் சேகரிப்புகளின் பழைய அச்சுப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பை மட்டும் நம்பாதீர்கள், பல நேரம் அதில் இருப்பது பிரபு வீட்டுக்காரர்களின் பெயர். 'மிஸ் அட்மிரல் கார்டன்' என்ற ஸ்ட்ராத்ஸ்பேயை (ரீலைவிட மெதுவான நடன மெட்டை) அமைத்தவர் கார்டன் பிரபுவிடம் வேலை பார்த்த இதே மார்ஷல்தான். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அந்த மெட்டுக்கு ஒரு பாட்டும் எழுதினார்.